எங்க வூட்டுக் காது

“எம் மருமவளுக்கு எலும்பு குடுக்க நீ யாருடா?”

“தாய்மாமன். நான் குடுக்காம ஊர் நாட்டாமையா வந்து குடுப்பாரு?”

“எங் கூடப்பொறந்தவன் பெத்த புள்ள அது. எங்க எலும்பு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது உன் எலும்பு எதுக்கு? பீடி குடிச்சிக் குடிச்சி உள்ள கரிக்கட்டையாட்டம் கெடக்கும்.”

“பாத்துப் பேசு அண்ணி. நாளைக்கி மடில குந்த வச்சி காது குத்தப் போறவன் நானு. குத்துற காதுக்கு எலும்பு குடுக்குற பாத்யத எனக்கா ஒனக்கா? முறைன்னு ஒண்ணு இல்ல?”

கத்திரி வெயில் மணலை வறுத்துக்கொண்டிருந்தது. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. கடலுக்குப் போகாத ஆண்கள் வேப்பமர நிழலில் வலையைப் பரப்பி வைத்துக்கொண்டு, கிழிசலைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்து, காதை மட்டும் சுப்புராயன் வீட்டுப் பக்கம் திருப்பியிருந்தார்கள். மற்ற மாதத்துச் சண்டைகளைவிடத் தடைக்காலத்துச் சண்டைக்கு நீளம் ஜாஸ்தி. பேசுகிறவர்களுக்கும் வேலை கிடையாது, கேட்கிறவர்களுக்கும் வேலை கிடையாது.

காதைத் திருப்ப வேண்டிய அவசியம்கூட இல்லைதான். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த காலனி அது. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒற்றைக் கல் சுவர். இந்த வீட்டில் மூக்குச் சிந்தினால் அந்த வீட்டில் ‘என்னா சளியா?’ என்று கேட்பார்கள்.

அண்ணி என்று பக்கிரி கூப்பிட்டது தைலம்மாளை. வீட்டுக்காரன் சுப்புராயனுக்கு அக்கா. புருஷன் போன பிறகு, தம்பி வீட்டை ஒட்டினாற்போல் எனக்கும் வீடு வேண்டும் என்று அதிகாரிகளிடம் அழுது வாங்கிக்கொண்டு வந்தவள். பக்கிரி, சுப்புராயன் மனைவி அமராவதிக்குத் தம்பி. முப்பதைத் தாண்டியும் பெண் அமையாத குறையை அக்கா வீட்டுச் சோற்றில் தீர்த்துக்கொண்டிருந்தவன். இரண்டு பேரும் மல்லுக்கு நின்றது சுப்புராயன் மகள் எழிலரசியின் வலது காதுக்காக.

அமராவதி வாசலில் காரப்பொடி ஆய்ந்துகொண்டிருந்தாள். மஞ்சக்குப்பம் தெருக்களில் விற்றது போக மிஞ்சிய மீன். இந்தப் பக்கம் நாத்தனார், அந்தப் பக்கம் தம்பி. நடுவில் வாயைத் திறந்தால் இரண்டு பேரும் சேர்ந்து தன்மேல் பாய்வார்கள் என்பது அவளுக்குப் பழக்கத்தில் தெரியும். மீனின் குடலைப் பிதுக்குவதில் கண்ணாக இருந்தாள்.

வினை சுப்புராயனால் வந்தது. அவன்தான் மகளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். அவனிடமிருந்து ஒரு சேதியைக் கேட்டு வாங்குவது திருக்கை மீனில் முள்ளைத் தேடுகிற கதை. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றினான், தண்ணீர் குடித்தான், “விலாவுலேருந்து குருத்தெலும்பு எடுத்துக் காது செஞ்சி வைப்பாங்களாம்” என்றான், படுத்துவிட்டான். யார் விலா என்று டாக்டர் சொன்னாரா, இவன் கேட்டானா என்பது அவனுக்கே நினைவில் இல்லை. விடிவதற்குள் காலனி முழுக்க, எழிலுக்கு எலும்பு கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று ஆகிவிட்டது. கிட்னி கொடுத்த கதை எல்லோரும் கேட்டதுதானே. அந்தக் கணக்கில் விலாவையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண் பிறக்கும்போதே அப்படி. இடது காது முழுசாக இருந்தது. வலது பக்கம், உரித்த எறா சுருண்டு கிடப்பதுபோல் ஒரு சின்னச் சதை, அதன் கீழே துளியூண்டு மடல். வருஷம் திரும்பியதும் மொட்டையடித்துக் காது குத்த நாள் பார்த்தார்கள். பக்கிரி குறிஞ்சிப்பாடி ஆசாரியிடம் ஒரு ஜோடித் தோடு செய்து கொண்டுவந்தான். இருக்கிற ஒரு காதில் குத்தலாமே என்றது ஒரு கட்சி. அரைக் காதுகுத்துக்கு யார் மொய் எழுதுவார்கள் என்றது இன்னொரு கட்சி. மடியில் உட்கார வைக்க வேண்டியவன் பக்கிரி. அவன் “எம் மருமவளுக்கு ரெண்டு காதுலயும் போட்டாத்தான் போடுவன்” என்று தோட்டைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடிவிட்டான். அன்றைக்கு மூடியதுதான். தெருவில் அவளுக்குப் பின்னால் பிறந்த பொடிசுகளெல்லாம் காதில் மினுக்கிக்கொண்டு திரிந்தன. எழில் மட்டும் ஐந்தாவது முடித்தும் மொட்டைக் காதோடு, முடியை வலது பக்கமாக இறக்கி வாரி, அதன்மேல் ஒரு கனகாம்பரச் சரத்தைத் தொங்கவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

தோடு தொங்காதது அமராவதிக்குப் பெரிசாக உறைத்ததில்லை. அவளுக்கு உறைத்தது கண்ணாடி.

பிள்ளைக்குக் கிட்டப் பார்வை. கரும்பலகையில் இருப்பது தெரியவில்லை. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே எழுதி எழுதி, அவள் செய்த தப்பையெல்லாம் இவளும் செய்தாள். இலவச முகாமில் கண்ணாடி கொடுத்தார்கள். கொடுத்து என்ன, ஒரு பக்கம் மாட்டுவதற்கு இடம் இல்லையே. குனிந்தால் விழும், நிமிர்ந்தால் சாயும். அமராவதி பாவாடை எலாஸ்டிக்கை அறுத்துப் பின்னால் கட்டி அனுப்பினாள். பையன்கள் குதிரைக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது என்றார்கள். கண்ணாடி பென்சில் டப்பாவுக்குள் போய்விட்டது. முகாமுக்கு வந்த டாக்டரம்மாதான் சிதம்பரத்துக்கு வழி காட்டினாள். கண்ணாடி நிற்க ஒரு காது வேண்டும். அமராவதி கேட்டது அவ்வளவுதான். இந்த இரண்டு பேருக்கு நடுவில் அது கிடைக்காமல் போய்விடுமோ என்கிற பயம், காரப்பொடி ஆய்கிற கையில் இருந்தது.

“யாருது தோதோ அத டாக்டரே சொல்லட்டும்” என்றாள் கடைசியில், மீனைப் பார்த்துக்கொண்டே.

டாக்டர் வைத்திலிங்கம் மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து சிதம்பரம் வருகிறவர். அவர் வருகிற அன்றைக்கு ஐந்து பேரும் பஸ் ஏறினார்கள். பக்கிரி பீடியை நிறுத்தி, விலா பலப்படட்டும் என்று தினமும் நாட்டுக்கோழி முட்டை குடித்துவந்திருந்தான். புது பனியன் போட்டிருந்தான், கிழித்தால் கிழிக்கட்டும் என்று. தைலம்மாள் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்தாள். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அவளுக்குக் கிறுகிறுத்தது. பக்கிரி தேங்காய் பன் வாங்கித் தர, “எனக்கு ஆப்ரேசன் ஆவக்கூடாதுன்னு சோறு போட்டுக் கெடுக்கப் பாக்கிறியா” என்று அதைத் தள்ளிவிட்டாள். புதுச்சத்திரத்தில் அந்த பன்னை அவனே தின்றுவிட்டு, பிறகுதான் தானும் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவன் என்பது நினைவுக்கு வந்து, முகம் செத்துப்போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

டாக்டர் இருவர் பேச்சையும் கேட்டார். பக்கிரி பனியனைத் தூக்கிக் காட்டுகிறவரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

“இறக்குங்க. யாரு விலாவும் வேணாம். பாப்பாவோட விலாவுலேருந்துதான் எடுப்போம். அடுத்தவங்க குருத்தெலும்ப உடம்பு ஏத்துக்காது, கரைச்சிடும்.”

பக்கிரி பனியனை இறக்கவில்லை. அமராவதிதான் பேசினாள். “திருக்கைக்கு இருக்குமே சார், வளையும் ஒடியாது, அந்த மாதிரி எலும்புங்களா?”

“அதேதான்மா. அதுல காது வடிவத்துக்குச் செதுக்கி, தோலுக்கு அடியில வச்சித் தைச்சிடுவோம். அதுக்குத்தான் விலா வளரட்டும்னு இந்த வயசு வரைக்கும் காத்திருக்கிறது.”

தைலம்மாளுக்குப் பசியும் ஏமாற்றமும் ஒன்றாகச் சேர்ந்தன. எலும்பு இல்லையென்றால் பழியாவது தன் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, பழைய கதையை எடுத்தாள். தீபாவளிக்கு மறுநாள் கிரகணம் பிடித்த வருஷம், அந்த நேரத்தில் வயிற்றுப் பிள்ளையோடு இவள் சுறா அரிந்தாள், அரிவாள்மனையில் போன காது இது என்றாள். அமராவதி பத்து வருஷமாகக் கேட்டு வரும் பாட்டு. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் ஒவ்வொரு சாவு வீட்டிலும் கேட்டது.

டாக்டர் பிள்ளை பிறந்த மாதத்தைக் கேட்டார். மாசி. விரலை மடக்கிப் பார்த்தார். “கிரகணத்துக்கும் காதுக்கும் சம்பந்தம் இல்ல. அப்படியே இருந்தாலும், காது உருவாகுறது ரெண்டாவது மூணாவது மாசத்துல. நீங்க சொல்ற கிரகணம் வந்தப்ப இந்தக் காது எப்பவோ முடிஞ்சுபோன வேலை. யார் மேலயும் குத்தம் இல்லம்மா.”

அமராவதிக்குத் தலையிலிருந்து கூடையை யாரோ பிடித்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் யார்மேலும் குற்றம் இல்லை என்பதைத் தைலம்மாள் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவளும் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டாவது மாசம்னா ஆடி. தல ஆடிக்கு அம்மா வூட்டுக்கு அழைச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. அங்கதான் குந்தியிருந்தா. டே பக்கிரி, என்னாடா போட்டீங்க இவளுக்கு?”

பக்கிரி யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். “அக்காவுக்கு வாய்க்கு ருசியா நண்டு கேட்டுது. டெய்லி புடிச்சாந்து குடுத்தன்.”

“நண்டு. கேட்டுக்குங்க சார். நண்டுக்குக் காது எங்கயாச்சும் இருக்கா?”

டாக்டர் கழுவித் தெளிவாக்கிய ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்து எழிலின் இடது காதின்மேல் வைத்து, மையால் அதன் வரம்பை வரைந்தார். வெளியே சுற்றி ஓடும் விளிம்பு, அதற்குள் கிளைவிட்டுப் பிரியும் மேடு, நடுவில் கிண்ணம்போல் பள்ளம், வாசலில் கதவு வைத்த மாதிரி ஒரு துருத்தல், அடியில் மடல். காது என்றால் ஓட்டை என்று நினைத்திருந்த அமராவதி, இத்தனை மேடுபள்ளமும் தினம் தான் எண்ணெய் தேய்த்த காதில்தான் இருக்கிறதா என்று பார்த்தாள். டாக்டர் ஃபிலிமைத் திருப்பிப் போட்டார். இடது காது வலது காதாகிவிட்டது. “இதுதான் அளவு. இதே மாதிரி செய்வோம்.”

பக்கிரி எட்டிப் பார்த்தான். பார்த்தவன் முகம் மாறியது.

சொல்லித்தான் ஆக வேண்டும். சுப்புராயன் வம்சத்துக் காது முறத்துக்கு ஒரு பிடிதான் குறைச்சல். தலையிலிருந்து விலகி, முன்னால் வருகிற சேதியைப் பிடித்துப் போட்டுக்கொள்கிற மாதிரி நிற்கும். தைலம்மாள் வெயிலில் நின்றால் காது ரெண்டும் பின்னால் வெளிச்சம் பட்டுச் சிவப்பாகத் தெரியும். பக்கிரி வீட்டுக் காதோ சின்னது, தலையோடு ஒட்டி, வெற்றிலைக் கொழுந்து மாதிரி அடங்கிக் கிடப்பது. எழிலுக்கு இருந்த ஒரு காது அப்பன் வீட்டுக் காது.

“சார், ஒண்ணு அவுங்க வூட்டுக் காதாவே இருந்துட்டுப் போவட்டும். புதுசா செய்யறத எங்க வூட்டுக் காதா செஞ்சிடுங்க” என்று பக்கிரி தலையைத் திருப்பித் தன் காதை நீட்டினான். “அளவு எடுத்துக்குங்க.”

தைலம்மாள் விடுவாளா. மடித்துக் கட்டிய கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் காதை மறுபக்கம் நீட்டினாள். எங்கள் காதுக்கு என்ன குறைச்சல், இந்தக் காதை வைத்துக்கொண்டு நாங்கள் எதைக் கேட்காமல் விட்டோம் என்றாள். அது காலனிக்கே தெரியும். டாக்டருக்கு இடமும் வலமும் காதுகள். வெளியே காத்திருந்த நோயாளிகள் கதவை மெல்லத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

நர்ஸ் ஜோதிலட்சுமி உள்ளே வந்தாள். பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கடலோரக்காரப் பெண். குரல் கரையிலிருந்து படகைக் கூப்பிடுகிற குரல். “காதக் காட்ட வந்த எடத்துல இருக்கிற காதையும் செவிடாக்குறீங்களே. ரெண்டு பேரும் வெளிய நடங்க. பனியன இறக்குங்க மொதல்ல.”

பக்கிரி பனியனை இறக்கினான்.

டாக்டர் ஆப்பரேஷனுக்கு அப்பனிடம் கையெழுத்துக் கேட்டார். சுப்புராயன் பேனாவை வாங்கினான். கதவுக்கு வெளியே நின்ற அக்காவைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தான். அடுத்த மாதம் தான் வரும்போது ஒரே முடிவோடு வந்தால் சரி, இல்லையென்றால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் டாக்டர். காத்திருக்கிற பிள்ளைகள் நிறைய.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஐந்து பேரும் ஐந்து சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

அந்த மாதம் அமராவதி பட்ட பாடு சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்டது. எங்கள் காதாக இல்லாவிட்டால் தம்பி கையெழுத்துப் போட மாட்டான் என்றாள் தைலம்மாள். முறக்காதாக வந்தால் மடியில் உட்கார வைக்கவும் மாட்டேன், தோடும் கிடையாது, வாசற்படியும் மிதிக்க மாட்டேன் என்றான் பக்கிரி. ஒரு பக்கம் போனால் தாய்வீடு போகும். மறுபக்கம் போனால் புருஷன் வீடு இடிக்கும். புருஷனிடம் கேட்டாள். அவன் “பாப்பம்” என்றான். மறுநாளும் “பாப்பம்” என்றான். அமராவதி சோறு ஆக்கினாள், மீன் விற்றாள், குழம்பில் உப்புப் போட மறந்தாள். யாரும் உப்பில்லை என்று சொல்லவில்லை. வீடு அந்த நிலைமைக்கு வந்துவிட்டது.

தடைக்காலம் முடிகிற சமயம், ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. புழுக்கம் தாங்காமல் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். பக்கிரி மணலில் கோபமாகப் படுத்திருந்தான். தைலம்மாள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டில் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். எழில் உள்ளே போய்ப் பென்சில் டப்பாவை எடுத்து வந்தாள்.

“மாமா, எழுந்திரு.”

எழுந்தான். கண்ணாடியை அவன் முகத்தில் மாட்டினாள். “தலைய ஆட்டு.”

மருமகள் சொல்லி அவன் எதைச் செய்யாமல் இருந்தான். ஆட்டினான். ஒட்டிக் கிடந்த அந்தக் கொழுந்துக் காதில் கம்பி நுழையவே இடம் இல்லை. முதல் ஆட்டிலேயே கண்ணாடி மூக்கில் வழிந்து மடியில் விழுந்தது. எழில் எடுத்துத் துடைத்து, “அம்மா, நீ” என்றாள். அமராவதிக்கும் அதே காதுதான். குனிந்ததும் விழுந்தது. அப்பா படுத்திருந்தான். மாட்டினாள். நின்றது. ஆனால் அவன் தலையை ஆட்டச் சோம்பல்பட்டான், அது கணக்கில் சேராது.

“அத்த, நீ.”

தைலம்மாளுக்கு இது என்ன பரீட்சை என்று அதற்குள் பிடிபட்டுவிட்டது. கருவாட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பந்திக்கு உட்காருகிறவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாட்டியதும் ஆட்டினாள் பாருங்கள், சாமி வந்தவள்கூட அப்படி ஆட மாட்டாள். கொண்டை அவிழ்ந்தது. மூக்குத்தி கழன்று மணலில் விழுந்தது. கண்ணாடி அசையவில்லை. ஆணியில் மாட்டின சட்டை மாதிரி நின்றது. வேப்பமரத்தடியில் யாரோ விசில் அடித்தார்கள்.

“எனக்கு அத்த காதுதான் வேணும்” என்றாள் எழில்.

பக்கிரி மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து கரைப்பக்கம் நடந்தான். போய்விட்டான், தாய்வீடு போய்விட்டது என்றே அமராவதி நினைத்தாள். தைலம்மாள் மூக்குத்தியைத் தேடிக்கொண்டே ஜெயித்த கதையை அடுத்த வீட்டுக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

இருட்டி, கரண்ட் வந்து, குழம்பு ஆறிய பிறகு பக்கிரி வந்தான். தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“எனக்குக் காது அழகுதான். யாரு இல்லன்னா?” என்றான் அக்காவிடம். “ஆனா போர்டு தெரியணும்னா முறந்தான் வேணும் போலக்கீது. போடச் சொல்லு மாமாவ, கையெழுத்த.”

அமராவதி அவன் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இருந்தது.

முதல் ஆப்பரேஷன் ஆடியில் நடந்தது. காது வலிக்கும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருக்க, பிள்ளைக்கு வலித்தது விலா. சிரித்தால் வலித்தது, இருமினால் வலித்தது. அதனால் பக்கிரியைப் பார்க்கக் கூடாது என்று வைத்தார்கள், அவனைப் பார்த்தாலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்துவிடாமல் காவல் இருக்கிறேன் என்று அவனே வேலை எடுத்துக்கொண்டான். எலும்பு கொடுக்கக் கிடைக்காதவன் தூக்கத்தையாவது கொடுத்தான். பார்வை நேரம் முடிந்ததும் ஜோதிலட்சுமி விரட்டுவாள். முன்வாசலில் போய்ப் பின்வாசலில் வருவான். பிறகு பிறகு அவள் விரட்டுகிற குரல் சின்னதாகிவிட்டது என்று தைலம்மாள் வந்து சொன்னாள். அவள் காதில் படாதது ஏது.

கட்டுப் பிரித்துக் கூட்டிவந்ததும் காலனியே திரண்டு வந்து பார்த்தது. காது இருந்தது, மேடும் பள்ளமுமாக, ஆனால் சுவரில் ஒட்டிய வரட்டிபோல் தலையோடு தட்டையாக இருந்தது. பக்கிரிக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் மனசு மாறிவிட்டார், இது எங்க வூட்டுக் காது என்று வந்தவர்களுக்கெல்லாம் சர்பத் வாங்கிக் கொடுத்தான். ஆறு மாதம் கழித்து அதைத் தூக்கி நிறுத்தி, பின்னால் தோல் வைத்துத் தைப்பார்கள், இது பாதி வேலைதான் என்று அமராவதி சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தைலம்மாள் அந்த ஆறு மாதமும் தெருவில் தலைகுனிந்து நடந்தாள். சிலர் அந்தக் காதில் வாயை வைத்து ‘கூ’ என்று கூவிப் பார்த்தார்கள். அது உருவத்துக்குச் செய்த காது, கேட்பதற்கு இல்லை, உள்ளே வழி கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்காத காதுக்கா இத்தனை கூத்து என்று போனார்கள்.

தை மாதம் காது நின்றது. முறம்தான். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் விறைப்பு, கொஞ்சம் நிறம் வெளுப்பு. ஆனால் கம்பி போய் உட்கார ஒரு பள்ளம் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கண்ணாடியை மாட்டினாள் எழில். நேராகச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு போனார்கள். அங்கே வந்ததும் ஆரம்பித்தாள். சீர்காழி, மாயவரம், காட்டுமன்னார்கோயில், விருத்தாசலம், பெண்ணாடம். போர்டு போர்டாக, உள்ளே வருகிற பஸ், வெளியே போகிற பஸ், டீக்கடைப் பலகை, கட்டணக் கழிப்பிடம் என்று எதையும் விடாமல் சத்தமாகப் படித்தாள். எழுத்துத் தெரியாத அமராவதி ஒவ்வொன்றுக்கும் “ம், அப்பறம்” என்று கேட்டுக்கொண்டு நின்றாள். கடலூர் என்று மகள் படித்த பஸ்கள் இரண்டு போய்விட்டன. சுப்புராயன் “போவலாமா” என்று கேட்டான். அமராவதி திரும்பியே பார்க்கவில்லை.

காதுகுத்து அடுத்த வருஷம் நடந்தது. மடல் அவளுடைய சொந்தச் சதை, அங்கே மட்டும் குத்தலாம், மேலே குருத்தில் ஊசி படக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆசாரி ஊசியை எடுத்ததும் தைலம்மாள் தன் கட்டை விரலைக் குருத்தின்மேல் அணையாக வைத்துக்கொண்டு, “இதுக்கு மேல வந்த, என் வெரலுதான் முன்னாடி போவும்” என்றாள். ஆசாரிக்கு வேர்த்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டிருந்த பக்கிரிக்குக் கால் மரத்துப்போய், தோடு போட்டு முடித்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். ஒருத்தர் சுப்புராயன். இன்னொருத்தி ஜோதிலட்சுமி. அவளை யார் அழைத்தார்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மறுநாள்தான் கேட்டார்கள்.

அடுத்த ஆவணியில் அவளுக்கும் பக்கிரிக்கும் பரங்கிப்பேட்டையில் கல்யாணம். படித்த பெண் இவனிடம் என்ன கண்டாள் என்று காலனி இன்னும் பேசுகிறது. அவளுக்கு மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. பின்னாலேயே இவனும் போய் மீன் கம்பெனியில் சேர்ந்தான். வெளியூரில் வேலையாக இருந்த தைலம்மாளின் மகன் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் நிரந்தரமானான். அவள் அவனோடு போய்விட்டாள். காலியான வீட்டில் இப்போது வேறு குடும்பம், பேசவே பேசாத குடும்பம். அந்தப் பக்கத்துச் சுவரால் பிரயோஜனம் இல்லாமல் போயிற்று. சுப்புராயன் இருக்கிறான்.

எழில் 2012-ல் பன்னிரண்டாவது போனாள். வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் லீவு. சாயங்காலம் ஆனால் பக்கிரி போன் பண்ணிவிடுவான். ஊரை விட்டுப் போனவனுக்குப் பேச்சு ஜாஸ்தி. அங்கத்திய வெயில், அங்கத்திய மீன், ஜோதி போட்ட குழம்பு என்று அரை மணி நேரம் விடமாட்டான். எழில் செல்லைச் செய்து வைத்த வலது காதில் வைத்து, தோள்பட்டையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரி பண்ணி உயிரியல் புத்தகத்தைத் திறப்பாள். பக்கம் புரட்டுகிற இடைவெளியில் “ம்” என்பாள். கண்ணாடி மாட்டுவது போக அந்தக் காது உதவின இன்னொரு காரியம் இதுதான் என்று அமராவதி நினைத்துக்கொள்வாள்.

“மாமன் என்னாடி சொல்றான்?”

“தெரியலம்மா” என்று எழில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். “சந்தோஷமாத்தான் பேசிக்கிட்டு இருக்குது.”